சாமிக்கு முடி கொடுத்தோம் என்று சொல்லலாமா?

கேள்வி: என் மகள் நாலாம் வகுப்பு. ரத்தப் புற்றுநோய் (ஏ.எல்.எல்.) வந்து எட்டு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தோம். இப்போது நோய் திரும்பாமல் இருக்க மெயின்டெனன்ஸ் மாத்திரை. பள்ளிக்கு அனுப்பலாம் என்கிறார் டாக்டர். தலைமை ஆசிரியையோ, "முழுசா குணமானதும் வரட்டும்" என்கிறார். அவளிடம் 'ரத்தம் குறைவு' என்றுதான் சொல்லியிருக்கிறோம். முடி சரியாக முளைக்கவில்லை. சாமிக்கு முடி இறக்கினோம் என்று பள்ளியில் சொல்லிவிடட்டுமா?
— ஒரு தாய், விழுப்புரம்

பதில்: அனுப்புங்கள். ஏ.எல்.எல். சிகிச்சை மொத்தம் 2 முதல் 3 வருடம் ஓடும். அது முடியட்டும் என்று காத்திருந்தால் அவள் தோழிகள் ஆறாம் வகுப்பில் இருப்பார்கள். 2009-ம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்க முடியாது. ஆனால் சட்டத்தை முதல் நாளே நீட்ட வேண்டாம். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். தலைமை ஆசிரியைக்கும் பயமாகத்தான் இருக்கும்.

பழனி மொட்டை என்றால் ஒரு வாரம் நம்புவார்கள். அப்புறம்? மாதாமாதம் ஆஸ்பத்திரி லீவு, சட்டென்று காய்ச்சல்... ஒவ்வொன்றுக்கும் புதுக் கதை கட்ட வேண்டியது உங்கள் மகள். அதைவிட, 'புற்றுநோய்' என்ற சொல்லை அவள் முதலில் உங்கள் வாயால் கேட்கட்டும். பக்கத்து பெஞ்சுப் பிள்ளை சொல்லிக் கேட்டால் தாங்க மாட்டாள். வகுப்பில் எவ்வளவு சொல்வது, யார் சொல்வது என்பதை அவளையே கேளுங்கள். பிள்ளைகள் கேட்கப்போவது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒட்டிக்குமா?" ஒட்டாது என்று டீச்சரே சொன்னால் அன்றோடு முடிந்தது.

உண்மையைச் சொல்ல இன்னொரு காரணம், அம்மை. நம் ஊரில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை கட்டுவோம். பள்ளிக்கு 'காய்ச்சல்' என்று லீவு லெட்டர் எழுதுவோம். சிகிச்சையால் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் உங்கள் மகளுக்கு ஆபத்து அந்த லெட்டரில்தான் இருக்கிறது. சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றும். அவள் நன்றாக இருந்தாலும், வகுப்பில் ஒருவருக்குச் சின்னம்மையோ தட்டம்மையோ என்று தெரிந்த அன்றே டாக்டருக்குச் சொல்லியாக வேண்டும். தடுக்கத் தரும் மருந்தைச் சில நாளுக்குள் தந்தால்தான் பலன். மற்ற அம்மாக்களுக்கு விஷயம் தெரியாவிட்டால் உங்களுக்கு யார் சொல்வார்கள்?

கிளாஸ் டீச்சரிடம் இரண்டு விஷயம். உடம்பு சூடு 100.4 டிகிரி தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைக்கக் கூடாது, உடனே உங்களுக்குப் போன் வர வேண்டும். இந்த நோய்க்குப் போடும் வின்கிரிஸ்டின் ஊசியால் பிள்ளைகளுக்குப் பாதமும் விரலும் சோர்ந்துபோவதுண்டு; மாடிப்படியில் தடுக்கும், எழுத்து மெதுவாகும். அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் இரண்டு வாரம் அரை நாள் போதும்.

தொப்பி போட்டுப் போகட்டும். பிரேயரில் கழற்றச் சொல்லாதபடி பி.டி. சாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நடுவில் அவளாகவே கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தால் ஏன் என்று கேட்காதீர்கள்.