கணினியில் ஒலி வரவில்லையா? ஆடியோ டிரைவர் கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகளில் பல, டிரைவருக்கு (ஒலிச் சாதனத்தை விண்டோஸுடன் பேச வைக்கும் மென்பொருள்) சம்பந்தமே இல்லாதவை. ஆனாலும் எல்லோரும் டிரைவர் மீதே பழி போட்டிருக்கிறீர்கள். பாவம், அதற்கும் சேர்த்து வாதாடுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். லினக்ஸ் கேள்வி ஒன்றும் உண்டு.

கேள்வி: நேற்று வரை ஒழுங்காகக் கேட்டது. இன்று வீடியோ ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. டிரைவரைப் புதுப்பிக்கட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஒலி எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கன்ட்ரோல் பேனலில் பழைய சவுண்ட் பெட்டியைத் திறந்து பிளேபேக் பட்டியலைப் பாருங்கள். வீடியோ ஓடும்போது ஏதாவது ஒரு சாதனத்துக்குப் பக்கத்தில் பச்சைக் கோடு ஏறி இறங்குகிறதா? இறங்கினால் விண்டோஸ் தன் வேலையைச் செய்கிறது; ஒலி போய்ச் சேரும் இடம்தான் தவறு. எங்கும் கோடு அசையவில்லை என்றால் பிரவுசர் தாவல் மியூட்டில் இருக்கலாம், வால்யூம் மிக்சரில் அந்த மென்பொருளின் அளவு பூஜ்யத்தில் இருக்கலாம். பட்டியலில் சாதனமே இல்லை என்றால்தான் டிரைவரைச் சந்தேகிக்க வேண்டும்.

அவரே மீண்டும்: மானிட்டர் பெயருக்குப் பக்கத்தில்தான் கோடு ஆடியது! ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்ததும் வந்துவிட்டது. மறுபடியும் மாறிவிடுமா?

பதில்: மாறக்கூடும். ஹெச்டிஎம்ஐ கேபிள் ஒலியையும் சுமந்து செல்வதால், ஸ்பீக்கரே இல்லாத மானிட்டர்கூட ஒலிச் சாதனமாகப் பதிவாகிவிடும். அதே பட்டியலில் மானிட்டர் மீது வலது கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுத்துவிடுங்கள், போதும். கணினியின் பாகங்களையும் டிரைவர்களையும் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் போய் அழித்தால் விண்டோஸ் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடும்.

கேள்வி: டிரைவரை எங்கிருந்து இறக்குவது? ரியல்டெக் என்று போட்டிருக்கிறது. எல்லா டிரைவர்களையும் தானே புதுப்பித்துத் தரும் மென்பொருள் ஒன்றும் கண்ணில் பட்டது.

பதில்: மடிக்கணினி என்றால் அதைத் தயாரித்தவரின் உதவிப் பக்கம், உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து. மேசைக் கணினி என்றால் மதர்போர்டு தயாரிப்பாளரின் பக்கம். அங்கே கிடைக்காவிட்டால் விண்டோஸ் அப்டேட்டில் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' பகுதி. இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. ஒரே ரியல்டெக் சிப்பை ஒவ்வொரு தயாரிப்பாளரும் வெவ்வேறு விதமாக இணைக்கிறார்கள்: எந்த முனையில் ஸ்பீக்கர், எந்த முனையில் ஹெட்போன், மைக் எத்தனை என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். அந்த விவரமும் ஸ்பீக்கருக்கான ஒலிச் சீரமைப்பும் அவர்கள் தரும் தொகுப்பில்தான் இருக்கும். இப்போதைய டிரைவர்கள் அடிப்படை டிரைவர், மாடலுக்கான நீட்டிப்பு, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் வரும் கட்டுப்பாட்டுச் செயலி என்று பிரிந்தே வருகின்றன. வேறு மாடலுக்கானதைப் போட்டால் ஒலி வரலாம். ஆனால் தகரத்தில் தட்டியது போல மெலிந்து வரும், அல்லது ஹெட்போன் செருகினாலும் ஸ்பீக்கர் ஓயாது.

தானே புதுப்பிக்கும் மென்பொருள் வேண்டவே வேண்டாம். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் ஆடியோ டிரைவரை, புதிய பதிப்பு வந்துவிட்டது என்பதற்காக மாற்றுவதும் வேண்டாம். பதிப்பு எண் கூடுவதால் பாட்டு இனிமையாகிவிடாது.

கேள்வி: விண்டோஸை மறுபடி நிறுவினேன். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்துடன் 'மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர்' என்று நிற்கிறது. யாருடைய சிப் என்று எப்படி அறிவது?

பதில்: அதன் பண்புகளைத் திறந்து 'டீடெயில்ஸ்' பகுதியில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' தேர்ந்தெடுங்கள். 'வென்' (VEN) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் வரும் நான்கு குறிகள் தயாரிப்பாளரைச் சொல்லும். 10ஈசி (10EC) என்றால் ரியல்டெக், 8086 இன்டெல், 1002 ஏஎம்டி, 10டிஈ (10DE) என்விடியா.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உங்களுக்கு 8086 என்று காட்டினால், ரியல்டெக் டிரைவரை எத்தனை முறை நிறுவினாலும் பலன் இருக்காது. அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில் இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் என்ற பகுதி இடையில் உட்கார்ந்திருக்கிறது. அது எழுந்த பிறகே அதற்குப் பின்னால் இருக்கும் ரியல்டெக் சிப் விண்டோஸின் கண்ணுக்குத் தெரியும். ஆகவே முதலில் சிப்செட் (மதர்போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்) டிரைவர், அடுத்து ஸ்மார்ட் சவுண்ட், அதன் பிறகு ரியல்டெக்.

கேள்வி: அப்டேட்டுக்குப் பிறகு ஒலி கரகரவென்று வருகிறது. 'ரோல் பேக் டிரைவர்' பொத்தான் மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை.

பதில்: பழைய பதிப்பு கணினியில் சேமிக்கப்பட்டிருந்தால்தான் அந்தப் பொத்தான் உயிர் பெறும். உங்களுக்கு வேறு வழி: 'அப்டேட் டிரைவர்' கொடுத்து, கணினியிலேயே தேடுவதாகச் சொல்லி, பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற வரியை அழுத்துங்கள். அங்கே 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்று ஒன்று இருக்கும். அது மைக்ரோசாஃப்டின் பொது டிரைவர். அலங்காரம் எதுவும் இல்லை, ஆனால் சோதனைக்கு அருமையானது.

அதைப் போட்டதும் கரகரப்பு நின்றால், குற்றவாளி தயாரிப்பாளரின் டிரைவர் அல்லது அதனுடன் வரும் ஒலி மெருகூட்டல்கள். 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' அமைப்பை அணைத்துவிட்டு மறுபடி அந்த டிரைவரையே போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

நிற்கவில்லை என்றால் ஆடியோ டிரைவரை விட்டுவிடுங்கள். விண்டோஸ் ஒலியைப் பொதுவாக 10 மில்லி விநாடித் துண்டுகளாக அனுப்புகிறது. வைஃபை டிரைவரோ கிராஃபிக்ஸ் டிரைவரோ அதைவிட அதிக நேரம் பிராசசரைப் பிடித்துக்கொண்டால் அடுத்த துண்டு தாமதமாகும், அந்த இடைவெளியே உங்கள் காதில் 'டிக்' என்று விழுகிறது. லேட்டன்சிமான் என்ற கருவியைச் சிறிது நேரம் ஓட விட்டால் எந்த டிரைவர் நேரத்தைத் தின்கிறது என்று பெயருடன் காட்டிவிடும். சோதனைக்கு வைஃபையை அணைத்துப் பார்ப்பது அதைவிடச் சுலபம்.

கேள்வி: புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமை. கூட்ட அழைப்பில் சேர்ந்தவுடன் பழைய தொலைபேசி போல ஆகிவிடுகிறது. எந்த டிரைவர் போட வேண்டும்?

பதில்: எதுவும் வேண்டாம். பாட்டு ஏ2டிபி என்ற முறையில் வருகிறது. தரம் உண்டு, ஆனால் ஒரு வழிதான். மைக்கைத் திறந்த கணத்தில் ஹெட்செட் ஹெச்எஃப்பி முறைக்குத் தாவுகிறது. அதில் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகத்தில் மோனோ ஒலிதான். அழைப்பு மென்பொருளின் அமைப்பில் மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். ஹெட்செட் ஏ2டிபியிலேயே நிற்கும். எல்இ ஆடியோ என்ற புதிய புளூடூத் ஒலி முறை ஹெட்செட், கணினி இரண்டிலும் இருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

கேள்வி: அழைப்பு வந்தால் மற்ற ஒலிகள் தாமாகவே குறைகின்றன, ஐயா.

பதில்: சவுண்ட் பெட்டியில் 'கம்யூனிகேஷன்ஸ்' தாவல். 80 சதவீதம் குறைக்கச் சொல்லி இருக்கும், 'டூ நத்திங்' ஆக்குங்கள்.

கேள்வி: ஷட் டவுன் செய்து மீண்டும் போட்டால் ஒலி இல்லை. ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றல்ல. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும் கணினியில் ஷட் டவுன் என்பது பாதி உறக்கம்: டிரைவர்கள் இருந்த நிலை வட்டில் எழுதப்பட்டு, அடுத்த முறை அப்படியே எழுப்பப்படுகிறது. குழம்பிய டிரைவர் குழப்பத்துடனே எழும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றும். பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: உபுண்டு லினக்ஸில் 'டம்மி அவுட்புட்' மட்டும் தெரிகிறது.

பதில்: ஒலிச் சாதனம் எதுவும் கிடைக்காதபோது அமைப்பு தானே வைத்துக்கொள்ளும் பொம்மை அது. இன்டெல் மடிக்கணினி என்றால் பெரும்பாலும் ஒலிப் பகுதிக்குள் ஏற்றப்படும் எஸ்ஓஎஃப் ஃபர்ம்வேர் தொகுப்பு இல்லாமல் இருக்கும், அல்லது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பழையதாக இருக்கும். இரண்டையும் புதுப்பியுங்கள். சாதனம் தெரிந்தும் சத்தம் இல்லை என்றால், டெர்மினலில் ஓடும் ஒலி அளவுக் கருவியான ஆல்சாமிக்சரில் எந்தச் சானலின் கீழாவது 'எம்எம்' என்று இருக்கிறதா பாருங்கள். எம் விசையை அழுத்தினால் மியூட் விலகும்.

கேள்வி: நீங்கள் சொன்னவை, சொல்லாதவை எல்லாம் செய்துவிட்டேன். விண்டோஸில் சாதனமே தெரியவில்லை. சிப் போய்விட்டதா?

பதில்: இன்னும் இரண்டு சோதனைகள். பயாஸில் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) ஆடியோ அணைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். பிறகு கணினியை அணைத்து, மின் இணைப்பையும், கழற்ற முடிந்தால் பேட்டரியையும் நீக்கி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மின்சாரம் முழுதும் வடிந்த பிறகு சிக்கிக்கொண்ட சிப் சில சமயம் மீளும். அதற்கும் அசையாவிட்டால், லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். அதில் ஒலி வந்தால் சிப் நலம், விண்டோஸ் பக்கம்தான் கோளாறு.

அதிலும் வரவில்லை என்றால், மதர்போர்டை மாற்ற ஓடாமல் சிறிய யுஎஸ்பி ஒலி அடாப்டர் ஒன்றை வாங்கிச் செருகுங்கள். சாதாரண அடாப்டர்களுக்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது; யுஎஸ்பி ஆடியோ 2.0 வகையும் 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1703 முதல் தனி டிரைவர் இல்லாமலே ஓடும். செருகிய பின் பயாஸில் பழைய சிப்பை அணைத்துவிடுங்கள்.