அயல்நாட்டில் நம் ஒய்டிஎம்-4: அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி: 1990களின் இறுதியில் என் தந்தை மலேசியாவில் எடுத்த படமொன்றில், நம் ஊர் மீட்டர்கேஜ் பாதையில் ஓடியது போன்ற டீசல் லோகோ நிற்கிறது. அது இந்தியாவிலிருந்து போனதுதானா?

பதில்: பெரும்பாலும் ஆம். 1992-இல் தொடங்கிய ஒரே பாதைத் திட்டத்தால் மீட்டர்கேஜ் தடங்கள் அகலமாக்கப்பட்டபோது, ஓடும் நிலையிலிருந்த, ஒய்டிஎம்-4 என்ற மீட்டர்கேஜ் டீசல் வகை லோகோக்கள் பல வேலையற்றுப் போயின. அவற்றில் சிலவற்றை இந்திய அரசு நிறுவனமான இர்கான் மலேசிய ரயில்வேக்குக் குத்தகைக்கு அனுப்பியது. அங்கும் தட அகலம் 1000 மி.மீ. என்பதால் சக்கரங்களை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

வண்ணத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். போன இடத்தில் முதலில் மாறுவது அதுதான். உருவத்தைப் பாருங்கள். மலேசியாவின் முதன்மைப் பாதைகளில் ஓடிய ஆங்கில, ஜப்பானியத் தயாரிப்புகள் பெரும்பாலும் இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை கொண்டவை. ஒய்டிஎம்-4-க்கோ ஓர் அறைதான். அதன் ஒருபுறம் இன்ஜினை மூடியிருக்கும் நீண்ட கூடான லாங் ஹூட், அதையொட்டி ஆள் நடக்கும் மேடை, மறுபுறம் குட்டையான ஷார்ட் ஹூட், அடியில் மும்மூன்று அச்சுகள் கொண்ட இரு போகிகள் (சக்கரங்களைத் தாங்கும் சட்டங்கள்). உள்ளே இருப்பது அமெரிக்க நிறுவனமான ஆல்கோ வடிவமைத்த ஆறு சிலிண்டர் 251 இன்ஜின். காணொளி இருந்தால், வேகமெடுக்கும்போது இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ வேகம் பிடிக்கும்வரை கக்கும் கரும்புகையே பாதி சாட்சி சொல்லிவிடும்.

உருவம் வகையை மட்டுமே சொல்லும், வரலாற்றைச் சொல்லாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். வியட்நாமின் டி13இ வகையும் இதே குடும்பம்தான். ஆனால் அவை 1980களில் வாரணாசி ஆலையிலிருந்து புதிதாகவே வாங்கப்பட்டவை. மாறாக, மொசாம்பிக்கின் தட அகலம் 1067 மி.மீ. என்பதால், அங்கு அனுப்புவதற்காகத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் பழைய லோகோக்களைக் கேப் கேஜ் எனப்படும் அந்த அகலத்துக்கு மாற்றினார்கள்.

ஆகவே படத்தை உயர் தெளிவில் ஸ்கேன் செய்து, புதுச் சாயத்தின் அடியில் 6-இல் தொடங்கும் நான்கு இலக்க இந்திய எண்ணின் தடம் தெரிகிறதா என்று தேடுங்கள். தயாரிப்பாளர் தகடு தெரிந்தால் இன்னும் நல்லது: அமெரிக்காவின் ஷெனெக்டடி, கனடாவின் மாண்ட்ரியல், நம் வாரணாசி என மூன்று ஊர்களில் இவை பிறந்தன. (சேகரிப்பாளர்களின் ஆசையால் தகடுகள் காணாமல் போவது வேறு கதை.) இன்ஜினிலும் போகியிலும் பொறித்த எண்களை மட்டும் நம்பிவிடாதீர்கள், பெரும் பழுதுபார்ப்பின்போது அவை ஒரு லோகோவிலிருந்து இன்னொன்றுக்கு மாறிவிடும், அடிச்சட்டம் மட்டுமே பெரும்பாலும் பிறந்தபடி நிற்கும்.