அப்பா பேரில் உள்ள வீட்டுக்குப் பல வருட வரி பாக்கி. அமெரிக்காவில் போல வீட்டை ஏலத்தில் விட்டுவிடுவார்களா? இப்போது கட்டினால் தப்புமா?

நோட்டீஸ் நிலையிலேயே கட்டிவிட்டால் தப்பும். நாங்கள் தப்பினோம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீடு. அப்பா போனபின் அண்ணன் கட்டுவார் என்று நானும், நான் கட்டுவேன் என்று அண்ணனும் இருந்துவிட்டோம். 6 வருடம், அதாவது 12 அரையாண்டு. நோட்டீஸில் 'ஜப்தி' என்ற சொல்லைப் பார்த்ததும் அம்மா முதலில் பீரோவைத் திறந்து பத்திரம் இருக்கிறதா என்றுதான் பார்த்தார்.

நீங்கள் சொல்லும் அமெரிக்க விஷயம் நிஜம். மின்னசோட்டாவில் ஒரு மூதாட்டியின் வரி பாக்கி வட்டி, அபராதத்தோடு சுமார் 15,000 டாலர். வீட்டை 40,000 டாலருக்கு விற்ற கவுண்டி (அங்குள்ள மாவட்ட நிர்வாகம்) மிச்சம் 25,000-ஐயும் தானே வைத்துக்கொண்டது. அது தவறு என்று 2023-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் ஊரில் எடுத்த எடுப்பில் வீட்டில் கை வைப்பதில்லை. கேட்பு நோட்டீஸ், அப்புறம் வீட்டுச் சாமான் ஜப்தி, வழக்கு என்று படிப்படியாகத்தான் போகும். ஆனால் பாக்கி வீட்டின் மேலேயே நிற்கும். விற்றாலும் வாங்கியவர் தலையில் விழும். கெடு தாண்டினால் மாதம் 1 சதவீத வட்டி வேறு. அதுவே அரையாண்டின் முதல் மாதத்தில், ஏப்ரலிலோ அக்டோபரிலோ, கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, 5,000 ரூபாய் வரை.

சரி, கட்டியபிறகு? எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தோம். ஆனால் வீட்டு வரி வேறு, குடிநீர்க் கட்டணம் வேறு. இரண்டுக்கும் தனித்தனி எண். தண்ணீர் பாக்கியை மறந்தது எங்கள் தப்புதான். நீங்கள் இரண்டு எண்ணையும் போட்டு நிலுவை பூஜ்யமா என்று பாருங்கள்.

ரசீது இன்னும் அப்பா பெயரிலேயே வரும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வைத்துப் பெயர் மாற்றத்துக்குத் தனியாக மனுப் போட வேண்டும்.

இன்னொன்று. முழுப் பணத்தையும் கட்டியது அண்ணன். "நான்தானே மீட்டேன், வீடு எனக்கு" என்று பாதி விளையாட்டாக, பாதி நிஜமாகச் சொன்னார். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. மற்ற வாரிசுகளிடம் அவரவர் பங்குப் பணத்தை அவர் கேட்கலாம், அவ்வளவுதான். என் பங்கை ஜிபேயில் அனுப்பிவிட்டேன். அதற்கு ரசீது கேட்டால் முறைக்கிறார்.