சுரவரிசை எப்போது மெட்டாகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொஞ்ச காலமாகக் கீபோர்டு கற்று வருகிறேன். மெலடிதான், அதாவது மெட்டுதான், இசைக்கு அடிப்படை என்று சொல்லித்தருபவர் அடிக்கடி சொல்கிறார். எனக்கு அது சுரங்களின் வரிசையாகத்தான் தெரிகிறது. வரிசை தெரிந்தும் நான் போடும் மெட்டு எதுவும் மெட்டாக ஒலிப்பதில்லை. கீழே நல்ல கார்டுகளை (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) சேர்த்தால் சரியாகிவிடுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கார்டு சேர்த்தால் சரியாகாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. கீபோர்டு பக்கத்தில் இருந்தால் இதை வாசித்துப் பாருங்கள்.

சங்கராபரண ராகத்தின் அவரோகணம், அதாவது இறங்கு வரிசை: ஸ நி த ப ம க ரி ஸ. எல்லாச் சுரத்துக்கும் ஒரே அளவு கொடுத்தால் சாதகம் செய்வது போலத்தான் இருக்கும். இனி மேல் ஸட்ஜத்தில் நின்று, நிஷாதத்தில் நிற்கும் நேரத்தைச் சற்றுக் குறைத்து, தைவதத்தைத் தொட்டதும் விட்டு, பஞ்சமத்தை நீட்டுங்கள். மத்யமத்தைச் சுருக்கி, காந்தாரம், ரிஷபம் வழியாக நிதானமாகக் கீழ் ஸட்ஜத்துக்கு வாருங்கள். ‘ஜாய் டு த வேர்ல்ட்’ என்ற கிறிஸ்துமஸ் பாடலின் முதல் வரி அது. ஒரு சுரம்கூட மாறவில்லை, கால அளவுதான் மாறியது. புதிதாக மெட்டுப் போடுபவர்கள் எந்தச் சுரம் என்றே தேடுகிறார்கள். அதில் எவ்வளவு நேரம் நிற்பது என்று யோசிப்பதே இல்லை.

இன்னொன்று. ஒரு கட்டைச் சுருதியில் பாடிய மெட்டை நான்கு கட்டைச் சுருதியில் பாடினால் ஒவ்வொரு சுரத்தின் அதிர்வெண்ணும் மாறிவிடுகிறது. ஆனாலும் அதே மெட்டு என்று கேட்டவுடன் தெரிகிறது. ஆஸ்திரிய தத்துவவாதி எரென்ஃபெல்ஸ் 1890இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் எடுத்துக்கொண்டார். ஒலிகள் எல்லாம் மாறியும் மெட்டு மாறவில்லை என்றால், மெட்டு அந்த ஒலிகளின் கூட்டுத்தொகையாக இருக்க முடியாது. சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே உள்ள உறவில்தான் அது இருக்கிறது. கமகத்தோடு, அதாவது சுரத்தை அசைத்து, பாடுகிறவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். தோடி ராகத்தின் காந்தாரத்தை அசையாமல் பிடித்தால் தோடி வராது.

அந்த உறவு கேட்பவரை எதிர்பார்க்க வைக்க வேண்டும். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி (1824) நான்காம் பகுதியில் வரும் புகழ்பெற்ற மெட்டைப் பாருங்கள். முதல் வரி: க க ம ப, ப ம க ரி, ஸ ஸ ரி க, க ரி ரி. ஐந்தே சுரங்கள், எங்கும் தாண்டல் இல்லை, பக்கத்துச் சுரத்துக்கே நகர்கிறது. ஆனால் ரிஷபத்தில் நிற்கும்போது காது ஒப்புக்கொள்வதில்லை, ஸட்ஜத்துக்காகக் காத்திருக்கிறது. இரண்டாம் வரி அப்படியே திரும்ப வந்து, கடைசியில் மட்டும் ரி ஸ ஸ என்று முடிகிறது. எவ்வளவு எளிய வேலை! மூன்றாம் வரிக்குப் பிறகு, நான்காம் வரியைத் தொடங்கும் காந்தாரம் எதிர்பார்த்த இடத்துக்கு ஒரு தட்டு முன்பே வந்துவிடும். எத்தனை முறை கேட்டாலும் அந்த இடம் எனக்குச் சிலிர்க்கும். இதைச் செல்லோக்களும் டபுள் பாஸ்களும் முதலில் தனியாக, கார்டு எதுவும் இல்லாமல் வாசிக்கின்றன. மெட்டு அப்போதே முழுமையாக நிற்கிறது.

மெலடி இல்லாமல் இசையே இல்லை என்று உங்களுக்குச் சொல்லித்தருபவர் சொல்வாரானால், அதை நான் ஏற்கமாட்டேன். கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மெட்டு ஏது? தாளம் தனியாகவே இசையாகும். ஆனால் வாத்தியம் ஏதும் இல்லாமல் ஒருவர் தன் குரலில் எளிதாக வைத்துக்கொள்ளக்கூடியது மெட்டுதான். நீங்கள் கற்க விரும்புவதும் அதைத்தானே.

ஆகவே கீபோர்டை மூடிவிட்டு வாயால் பாடி மெட்டுப் போடுங்கள். விரல் எங்கும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பாடும்போது மூச்சு விட வேண்டியிருப்பதால் வரி தானாகவே ஓரிடத்தில் முடியும். ஐந்து சுரங்களுக்குள் இரண்டு வரி போதும். முதல் வரியை ஸட்ஜத்தில் முடிக்காதீர்கள். பாடிப் பதிவுசெய்து எனக்கு அனுப்புங்கள்.