அப்டேட்டுக்குப் பிறகு ஆப் ஏறவில்லையா? பாதுகாப்பை அணைக்காதீர்கள்

கேள்வி: ஈரோட்டில் மளிகைக் கடை நடத்துகிறேன். வாடிக்கையாளர்களின் கடன் பற்றை எழுத, தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு ஆப் வாங்கினேன். ப்ளே ஸ்டோரில் அது இல்லை, வாட்ஸ்ஆப்பில் ஏபிகே ஃபைலாக (ஆப்பை நேரடியாக ஏற்றும் ஃபைல்) வந்தது. போன் அப்டேட் ஆனபிறகு அதன் புது வெர்ஷன் ஏறவில்லை. ஆபத்து என்று சொல்லித் தடுக்கிறது. விற்றவரோ, “ப்ளே ப்ரொடெக்ட்டை அணைத்துவிடுங்கள், இனி அப்டேட்டே போடாதீர்கள்” என்கிறார். இதே போனில்தான் ஜிபே, பேங்க் ஆப் எல்லாம் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டையுமே செய்யாதீர்கள். ப்ளே ப்ரொடெக்ட் என்பது போனில் ஏறும் ஆப்களைச் சோதிக்கும் கூகுளின் காவல்.

வெளியிலிருந்து வந்த ஆப் என்பதற்காக மட்டும் போன் தடுக்காது. பெரும்பாலும் அந்த ஆப் கேட்கும் அனுமதிதான் காரணம். வாட்ஸ்ஆப், பிரவுசர், ஃபைல் மேனேஜர் வழியாக வரும் ஒரு ஆப், உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கவோ, நோட்டிஃபிகேஷனைப் பார்க்கவோ, அக்சசிபிலிட்டியை (உடல் குறைபாடு உள்ளவர்களுக்காகப் போனை இயக்கித்தரும் வசதி) பிடிக்கவோ அனுமதி கேட்டால் ப்ளே ப்ரொடெக்ட் குறுக்கே நிற்கும். 2024-இல் முதலில் சிங்கப்பூரிலும் பிறகு இந்தியாவிலும் கூகுள் கொண்டுவந்த ஏற்பாடு இது. எஸ்எம்எஸ்ஸைப் படிக்க முடிந்தவனுக்கு உங்கள் ஓடிபி தெரியும். அக்சசிபிலிட்டி கிடைத்தவன் திரையில் இருப்பதைப் படிப்பான், உங்களுக்குப் பதிலாகப் பட்டனையும் அழுத்துவான். ‘ஆர்டிஓ சலான்’ என்றும் கல்யாணப் பத்திரிகை என்றும் வாட்ஸ்ஆப்பில் சுற்றும் ஏபிகேக்கள் இதை வைத்துத்தான் பணத்தை உருவுகின்றன. தெரிந்தவர் நம்பரிலிருந்து வந்தது என்பதெல்லாம் சான்று ஆகாது. அவர் போனே திருடன் கையில் இருக்கலாம்.

உங்களுக்கு விற்றவர் திருடர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கடன் பற்று எழுதும் ஆப்புக்கு என் எஸ்எம்எஸ் எதற்கு? பாக்கியை நினைவூட்ட என்பார். நினைவூட்ட மெசேஜ் அனுப்பினால் போதும், படிக்க வேண்டியதில்லை. வாசகத்தை நிரப்பி மெசேஜ் ஆப்பைத் திறந்து கொடுத்தால், அனுப்புவதை நீங்களே அழுத்திக்கொள்ளலாம். அந்த அனுமதி இல்லாத வெர்ஷனை அவர் செய்து தரட்டும், இல்லையென்றால் ப்ளே ஸ்டோரில் ஏற்றட்டும். அதற்கு ஒருமுறை 25 டாலர் கட்டணம். புதிதாகத் திறக்கும் தனிநபர் கணக்காக இருந்தால் 12 பேரை வைத்து 14 நாள் சோதித்துக் காட்ட வேண்டும். அலைச்சல்தான், ஆனால் அது விற்பவர் படவேண்டிய அலைச்சல்.

அடுத்து அவர் இன்னொரு குறுக்குவழி சொல்வார். ஆப்பின் விவரப் பக்கத்தில் மேலே மூன்று புள்ளி இருக்கும், அதைத் தொட்டு ‘கட்டுப்படுத்தப்பட்ட அமைப்புகளை அனுமதி’ என்று கொடுங்கள் என்பார். வெளியிலிருந்து வந்த ஆப்புக்கு அக்சசிபிலிட்டி போன்ற அனுமதி கிடைக்காதபடி ஆண்ட்ராய்டு 13-இல் ஒரு பூட்டு வந்தது, அந்தப் பூட்டைத் திறக்கும் வழிதான் அந்த மூன்று புள்ளி. போனில் ஒருவர் பேசிக்கொண்டே அங்கே கூட்டிப்போனால், அவர் யாராக இருந்தாலும் கட் செய்துவிடுங்கள்.

மொபைல் கடைகளில் ‘பழைய சாப்ட்வேரே போட்டுத் தர்றேன்’ என்பார்கள். வேண்டவே வேண்டாம். அடைத்த ஓட்டைகளைக் காசு கொடுத்துத் திறந்துகொள்வீர்கள். போனின் அப்டேட் செட்டிங்ஸுக்குள்தான் வரும். லிங்க்காகவோ ஃபைலாகவோ வந்தால் அது அப்டேட்டே இல்லை. ‘போனைப் பற்றி’ என்ற பகுதியில் செக்யூரிட்டி அப்டேட் தேதி இருக்கும். அது ஒரு வருடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தால் அந்த போனில் பேங்க் ஆப் வைக்காதீர்கள்.

எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று போன் வாங்கும்போதே சொன்னால் என்ன? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், விற்பனை நின்றபிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு அப்டேட் தரவேண்டும் என்று விதி இருக்கிறது. இங்கே டப்பாவில் கேமரா மெகாபிக்சல்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். வெளி ஆப் விஷயமும் இழுபறிதான். 2022 அக்டோபரில், சந்தையில் நியாயமான போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டு, வெளியிலிருந்து ஆப் ஏற்றுவதைத் தடுக்கக்கூடாது என்றது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை வைத்துக்கொண்டு அந்த உத்தரவை எடுத்துவிட்டது. அப்புறம் 2025 ஆகஸ்டில் கூகுளே ஒரு அறிவிப்பு விட்டது: அடையாளத்தைப் பதிவு செய்யாதவர் எழுதிய ஆப்பைத் தடுப்போம், 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடக்கம், 2027 முதல் மற்ற நாடுகள். எதிர்ப்பு கிளம்பியதும், விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு வழி வைப்போம் என்றது. விதியைக் கம்பெனி எழுதுகிறது, கடைக்காரர் தலையைச் சொறிகிறார். உங்களுக்கு விற்றவரைப் பதிவு செய்யச் சொல்ல இதுவும் ஒரு காரணம்.

அந்த ஆப்பே வேண்டும், வேறு வழியில்லை என்றால் ஒன்று செய்யலாம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனை எடுத்து முழுக்க அழித்து ரீசெட் செய்யுங்கள். சிம் போடாதீர்கள். பேங்க் நம்பர் சிம் மட்டுமல்ல, எந்த சிம்மும் வேண்டாம். புதிதாக ஒரு கூகுள் கணக்கு திறந்து அதில் போடுங்கள். உங்கள் வழக்கமான ஜிமெயிலைப் போட்டால் மெயிலும் போட்டோவும் கூடவே வந்துவிடும். ஜிபே, வாட்ஸ்ஆப், ஆதார் படம் எதுவும் அதில் இருக்கக்கூடாது. நெட் வேண்டுமானால் கடை வைஃபையில் இணையுங்கள். அது கல்லாப்பெட்டி நோட்டாக மட்டும் இருக்கட்டும். மகன் கேம் விளையாடக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

எது செய்வதற்கு முன்பும், இப்போது ஓடும் பழைய வெர்ஷனிலிருந்து கணக்கை எக்செல் ஃபைலாக வெளியே எடுத்து வையுங்கள். புது வெர்ஷன் வேறு டிஜிட்டல் கையெழுத்தோடு வந்தால் பழையதன் மேல் ஏறாது, நீக்கச் சொல்லும். நீக்கினால் கூடவே பற்றும் போய்விடும். ஏற்கெனவே பழைய வெர்ஷனுக்கு எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்திருந்தால் இன்றே எடுத்துவிட்டு, பேங்க் ஸ்டேட்மென்டைப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் பணம் ஏதாவது போயிருந்தால் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வேறொரு போனிலிருந்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் பேங்குக்கும் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேங்கில் பின்தொடர அது உதவும்.