மார்வெலை வாங்கியும் ஸ்பைடர்மேன் ஏன் கைக்கு வரவில்லை? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: டிஸ்னிதானே மார்வெல் காமிக்ஸ் கம்பெனியை வாங்கியது? அப்படியானால் ஸ்பைடர்மேன் படத்தில் மட்டும் சோனி பெயர் ஏன் வருகிறது? மிட்வேலி தியேட்டரில் என் மகன் கேட்டான். பதில் தெரியாமல் பாப்கார்னை நீட்டிவிட்டேன்.
– பிரிக்பீல்ட்ஸ் வாசகி

பதில்: நல்ல பையன், எழுத்து ஓடும்போதே கவனிக்கிறான். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில் ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பத்திரம் முடிந்து பணம் கைமாறிய பிறகும் கீழே இருக்கும் தையல்காரரைக் கிளப்பவும் முடியாது, வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. 2009 ஆகஸ்டில் மார்வெலை ஏறக்குறைய 4 பில்லியன் டாலருக்கு (அன்றைய கணக்கில் சுமார் 14 பில்லியன் ரிங்கிட்) வாங்குவதாக டிஸ்னி அறிவித்தபோது அந்த வீட்டிலும் இப்படித்தான் ஆட்கள் குடியிருந்தார்கள். ஸ்பைடர்மேன் படங்கள் சோனியிடம், எக்ஸ்மென் படங்கள் ஃபாக்ஸ் ஸ்டூடியோவிடம். மார்வெல் 1996 இறுதியில் திவால் மனு போடும் அளவுக்குப் போன கம்பெனி, கையில் காசில்லாத காலத்தில் பட உரிமையைக் கேட்டவருக்குக் கொடுத்து வைத்திருந்தது. எக்ஸ்மென் திரும்பி வந்தது 2019-இல்தான், அதுவும் ஃபாக்ஸின் பெரும்பகுதியையே 71 பில்லியன் டாலருக்கு டிஸ்னி வாங்கியதால். எக்ஸ்மென்னுக்காக மட்டும் வாங்கவில்லை என்பது வேறு விஷயம், ஆனாலும் குடியிருந்தவரின் சொத்து மொத்தத்தையும் வாங்கி வீட்டைக் காலி செய்த கதைதான் இது. சோனி இன்றுவரை அசையவில்லை. 2015-இல் இருவரும் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள், அதனால்தான் மார்வெலின் அவெஞ்சர்ஸ் கூட்டத்தில் ஸ்பைடர்மேனும் தலைகாட்டுகிறான்.

இன்னொரு வேடிக்கை. ஃப்ளோரிடாவில் ஹல்க் பெயரில் ஓடும் ரோலர் கோஸ்டர் டிஸ்னி பூங்காவில் இல்லை, போட்டிக்காரரான யுனிவர்சல் பூங்காவில் இருக்கிறது. அதுவும் பழைய ஒப்பந்தம்தான். ஹாங்காங் டிஸ்னிலேண்டில் அந்தச் சிக்கல் இல்லை, அங்கே 2017 முதல் அயர்ன்மேன் இருக்கிறான். மகனைக் கூட்டிப் போவதென்றால் அதுதான் பக்கம்.

கேள்வி: காமிக்ஸ் புத்தகம் விற்று இவ்வளவு பணத்தை எப்போது திருப்பி எடுப்பார்கள்?
– பட்டர்வொர்த் வாசகர்

பதில்: எடுக்கவே முடியாது, அதற்காக வாங்கவும் இல்லை. வாங்கியது 5,000-க்கும் மேற்பட்ட பாத்திரங்களை. அதன் மதிப்பை டிஸ்னிக்கு முன்பே மார்வெல் கண்டுபிடித்துவிட்டது. நாம் அவசரத்துக்கு நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக்கடைக்குப் போவதில்லையா, அதைப்போல 2005-இல் கேப்டன் அமெரிக்கா உள்ளிட்ட பத்துப் பாத்திரங்களின் பட உரிமையைப் பிணையாக வைத்து, சொந்தமாகப் படம் எடுக்க 525 மில்லியன் டாலர் வரை கடன் வாங்க ஏற்பாடு செய்தார்கள். 2008-இல் அயர்ன்மேன் ஓடியது, நகை தப்பியது. படங்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தால் பத்துப் பேரின் பட உரிமையும் கடன் கொடுத்தவர் கையில்! அடுத்த வருடமே டிஸ்னி வந்து நின்றதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

கேள்வி: படம் வரைந்தவர்களுக்கு இதில் பங்கு உண்டா?
– செந்தூல் வாசகர்

பதில்: இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். மார்வெல் எழுத்தாளர் ஸ்டான் லீயோடு சேர்ந்து ஹல்க், எக்ஸ்மென் எல்லாம் உருவாக்கிய ஜாக் கிர்பி 1994-இல் இறந்துபோனார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, பாத்திரம் கம்பெனிக்கு. 2009 செப்டம்பரில், அதாவது விற்பனைச் செய்தி வந்த அடுத்த மாதமே, அவருடைய பிள்ளைகள் உரிமை கேட்டு 45 நோட்டீஸ் அனுப்பினார்கள். கீழ்க்கோர்ட்டும் மேல்முறையீட்டுக் கோர்ட்டும் மார்வெல் பக்கம் நின்றன. கடைசியில், வழக்கை உச்ச நீதிமன்றம் எடுக்குமா எடுக்காதா என்று இருந்த சமயத்தில், 2014-இல் சமரசம் ஆனது. முழுதாகத் தோற்கிற வழக்கென்றால் யாராவது சமரசத்துக்கு வருவார்களா, நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: நம்ம இரும்புக்கை மாயாவியையும் யாராவது வாங்கிவிட்டார்களா? பினாங்கு ஸ்திரீட்டில் வாங்கிய முத்து காமிக்ஸ் இன்னும் அப்பாவின் அலமாரியில் இருக்கிறது.
– ஆயர் ஈத்தாம் வாசகி

பதில்: வாங்கியாகிவிட்டது. சிவகாசியிலிருந்து 1972-இல் நமக்கு வந்த மாயாவி, இங்கிலாந்தில் 1962-இல் ஒரு வார இதழில் தொடங்கிய பாத்திரம். மின்சாரத்தைத் தொட்டதும் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும் அந்தப் படங்களை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். அந்தப் பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் குவியலை 2018-இல் வாங்கியது ரெபெல்லியன் என்ற கம்ப்யூட்டர் கேம் கம்பெனி. டிஸ்னி அளவுக்குப் பெரிய ஆள் இல்லை, ஆனால் நல்ல காரியம் செய்தார்கள், மாயாவியைத் தூசி தட்டி மறுபடி அச்சில் கொண்டுவந்துவிட்டார்கள்.

அப்பாவின் பிரதியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நடுவில் அடித்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, தாளில் பழுப்பாக ஊறியிருக்கும். பின்னைப் பக்குவமாகப் பிடுங்கி, அதே ஓட்டையில் வெள்ளை நூலால் தைத்துவிடுங்கள். செலோடேப் மட்டும் வேண்டாம். நான் ஒட்டினேன், சில வருடத்தில் மஞ்சளாகி, உரித்தபோது மாயாவியின் கையும் சேர்ந்தே வந்துவிட்டது.