ரேம் கூட்டினா காணாமப்போன உலகம் வந்துடுமா?

கேள்வி: ப்ரோ, நானும் ஃப்ரெண்ட்ஸும் என் விண்டோஸ் கம்ப்யூட்டர்லயே மைன்கிராஃப்ட் கேமோட ஜாவா சர்வர் ஓட்டிட்டு இருந்தோம், நான் சிஸ்டம் ஆஃப் பண்ணா எல்லாருக்கும் கட் ஆகுதுன்னு இப்ப ஒரு ஹோஸ்டிங் கம்பெனில மாச வாடகைக்கு சர்வர் எடுத்துட்டேன். பழைய உலகத்த அப்லோட் பண்ணி ஸ்டார்ட் பண்ணா நாங்க கட்டுன எதுவுமே இல்ல, புத்தம் புதுசா ஒரு காடு நிக்குது. சப்போர்ட்ல கேட்டா ரேம் பத்தல, பெரிய பிளானுக்கு மாறுங்கன்றாங்க. மாறணுமா?

பதில்: வேணாம், இப்போதைக்கு எதுவும் கட்டாதீங்க. ரேம் பத்தலன்னா சர்வர் திணறும், இல்ல லாக்ல, அதாவது சர்வர் என்ன நடக்குதுன்னு எழுதி வைக்குற ஃபைல்ல, அவுட் ஆஃப் மெமரின்னு எழுதிட்டு படுத்துடும், சத்தமே இல்லாம புது உலகம் போட்டுக் குடுக்காது. அது தேடுன எடத்துல உங்க ஃபோல்டர் இல்ல, அதனால அதுவே ஒண்ணு உருவாக்கிக்கிச்சு, அவ்ளோதான்.

முதல்ல சர்வர ஸ்டாப் பண்ணுங்க, ஓடிட்டு இருக்கும்போது ஃபைல மாத்தினா நிறுத்துறப்ப அது தன்கிட்ட இருக்குறத மேல எழுதிடும். அப்புறம் ஃபைல் மேனேஜர்ல பாருங்க, முதல் எழுத்து பெருசா ஒரு வேர்ல்டு, எல்லாமே சின்ன எழுத்துல இன்னொரு வேர்ல்டுன்னு ரெண்டு ஃபோல்டர் பக்கத்து பக்கத்துல இருக்கா? இருந்தா கத முடிஞ்சது. விண்டோஸுக்கு ரெண்டும் ஒண்ணு, வாடகை சர்வர் பெரும்பாலும் லினக்ஸ், அதுக்கு ரெண்டும் வேற வேற. சர்வர் டாட் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல்ல லெவல் நேம்னு ஒரு வரி இருக்கும், அதுல உங்க ஃபோல்டர் பேர எழுத்து மாறாம அப்படியே போடுங்க. அப்படி ரெண்டு இல்லையா, ஜிப் பிரிக்கும்போது ஃபோல்டருக்குள்ள இன்னொரு ஃபோல்டரா போயிருக்கலாம், அப்படின்னா உள்ள இருக்குறத ஒரு படி மேல இழுத்து வைங்க.

இதெல்லாம் சரியா இருந்தும், உலகத்தோட அடிப்படை விவரம் இருக்குற லெவல் டாட் டேட் ஃபைல் லோட் ஆகலன்னு வந்தா அந்த ஃபைல் சைஸ் பாருங்க. ஜீரோன்னா அப்லோட் பாதில அறுந்துருக்கு, இல்ல டிஸ்க் நிரம்பிருக்கு. உங்க கம்ப்யூட்டர்லருந்து திரும்ப ஏத்துங்க, அங்கயும் கெட்டுப்போச்சுன்னா பக்கத்துலயே ஓல்டுன்னு முடியுற காப்பி ஒண்ணு இருக்கும், அத பேர் மாத்தி வச்சுப் பாக்கலாம். வெர்ஷனும் முக்கியம், புது வெர்ஷன்ல தொறந்த உலகத்த பழைய வெர்ஷன் சர்வர்ல போட்டா சரியா வராது. சப்போர்ட்காரங்க மறுபடி ரேம்னு சொன்னா, லாக்ல எந்த வரிய வச்சு சொல்றீங்கன்னு மட்டும் கேளுங்க.

கேள்வி: ஸ்டீம்ன்ற கேம் கடை வழியா எறக்குன டெடிகேட்டட் சர்வர் (கேம் சர்வரா மட்டும் ஓடுற சாஃப்ட்வேர்), அப்டேட்டுக்கு அப்புறம் டேட்டா ஃபைல் இல்லன்னு நின்னுடுது. ஒருத்தர் ஃபிக்ஸ் பேக் விக்கிறார், வாங்கலாமா?

பதில்: காசு குடுத்து வைரஸ் வாங்குற ரிஸ்க் எதுக்குங்க? ஸ்டீம்சிஎம்டில, அதாவது கமாண்ட் டைப் பண்ணி ஓட்டுற ஸ்டீம் டூல்ல, அப்டேட் கமாண்ட் கூட வேலிடேட்னு சேத்து ஓட்டுங்க, காணாமப்போன ஃபைலையும் ஒரிஜினலோட ஒத்துப்போகாத ஃபைலையும் அதுவே திரும்ப எறக்கிடும், ஃப்ரீதான். ஆனா நீங்க கைவச்ச கான்ஃபிக் (செட்டிங்) ஃபைலும் பழையபடி ஆகிடலாம், அதனால முன்னாடியே காப்பி எடுத்து வைங்க. அதுக்கப்புறமும் அதே எர்ரர்னா பெரும்பாலும் ஃபைல் இருக்கு, சர்வர்தான் வேற ஃபோல்டர்ல நின்னு தேடுது. சர்வர ஆரம்பிக்குற ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் ஃபைல்ல, சர்வர ஓட்டுற வரிக்கு முன்னாடி சர்வர் ஃபோல்டருக்குள்ள போற கமாண்ட போட்டுட்டு அப்புறம் ஓட்டுங்க.